கெணத்துக்கு ஃபோட்டோ, தொட்டிக்குக் கடப்பாரையா?

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோட எங்க தோட்டத்துக்கு வந்திருந்தார். நல்ல மனுசன். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டணும்னு ஆசைப்பட்டு, நாலு மணி நேரம் லீவு கேட்டு வாங்கி, ராத்திரி ரயிலேறி வந்தவர். ஓட்டு வீட்டைப் படம் எடுத்தார். மாட்டுக் கொட்டாயைப் படம் எடுத்தார். கெணத்து மேட்டுல என்னை நிக்க வெச்சுட்டு, செல்போனைப் பிடிச்சபடியே சொன்னார்: "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. பின்னாடி அந்த வாட்டர் டேங்க் வந்து படத்தையே கெடுக்குது."

தள்ளி நின்னேன். படம் அழகா வந்தது. "இதுதான் நம்ம பாரம்பரியம்"னு கெணத்தைக் காட்டி மகளுக்குச் சொல்லிக் குடுத்தார். விருந்தாளி வந்த எடத்துல வாதம் எதுக்குன்னு அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன். ஆனா அதே வாரம் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு சேதி சொன்னாங்க. புதுத் தொட்டி கட்டி முடிச்சாச்சு, பழைய தொட்டியை இடிக்கப் போறோம், அடுத்த கிராம சபையில தீர்மானம் வருதுன்னு. நண்பர் ஃபிரேமைக் கெடுத்த அதே தொட்டி. அதனால அன்னைக்குப் பேசாததை இன்னைக்குப் பேசறேன். நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களோடதான் என் சண்டை. கோவிச்சுக்காதீங்க.

முதல்ல அந்தக் கெணத்தைப் பத்திச் சொல்லிடறேன். எங்க அப்பாரு காலத்துல வெட்டினது. கல் கட்டடம், மாட்டைப் பூட்டிக் கவலை இறைச்ச தடம் இன்னும் கல்லுல இருக்கு. பார்க்க அழகுதான், இல்லைங்கல. சித்திரையில ஊர்க் கெணறு வத்திப் போனா, எங்க தோட்டத்துக் கெணத்துல கொஞ்சம் தண்ணி கிடக்கும். காலனியில இருந்து பொம்பளைங்க குடத்தோட வருவாங்க. கெணத்து மேட்டுல ஏற மாட்டாங்க, ஏற விட மாட்டோம். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில நிப்பாங்க. எங்க வீட்டு ஆளுக யாருக்காவது கை ஒழிஞ்சா, சேந்தி ஊத்துவோம். ஒழியலைன்னா நிக்க வேண்டியதுதான். எட்டு வயசுல நானும் ஊத்தியிருக்கேன். வாளி அவங்க குடத்துல படாம எப்படி உசத்திப் பிடிச்சு ஊத்தணும்னு எங்க அப்பத்தா சொல்லிக் குடுத்துச்சு. பாரம்பரியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு சொல்றீங்களே, எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

நீங்க ஃபோட்டோ எடுத்தது அந்தக் கெணத்தை. வேப்பமரம் இப்ப இல்ல, அதனால படத்துல வரல.

தொட்டி வந்தது அதுக்கு அடுத்த வருசம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971ல ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் பத்து, இருவது வருசத்துல ஊர் ஊரா இந்த மேல்நிலைத் தொட்டிங்க முளைச்சதைப் பார்த்த தலைமுறை என்னோடது. எங்க ஊர்த் தொட்டி 60,000 லிட்டர். ஆறு கால், நடுவுல ரெண்டு அடுக்கு இணைப்பு உத்தரம், மேல வட்டத் தொட்டி, அதுக்கு மேல குடை மாதிரி மூடி, பக்கவாட்டுல ஒரு இரும்பு ஏணி. அவ்வளவுதான். இதுல என்ன கட்டடக் கலை இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு, சொல்றேன்.

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 60,000 லிட்டர்னா 60 டன். மூணு டன் டிப்பர்ல இருவது லோடு. இருவது லோடைத் தூக்கி நாப்பது அடி ஒசரத்துல வெச்சு, காத்துல ஆடாம, ஒரு சொட்டு ஒழுகாம, ராத்திரி பகலா நிக்க வைக்கணும். ஏன் அவ்வளவு ஒசரம்? பத்து மீட்டர் ஒசரத்துக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு. அந்த அழுத்தம் இருந்தாத்தான் ஊர்க் கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் தண்ணி போகும். மோட்டார் ஒரு தடவை மேல ஏத்தி விட்டாப் போதும், அப்புறம் கரண்டு இல்லைன்னாலும் பூமி தன் வேலையைப் பார்த்துக்கும். தொட்டியோட ஒசரம், காலோட தடிமன், வட்ட வடிவம் எல்லாமே இந்தக் கணக்குல இருந்து வந்தது. தண்ணி சுவரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிய தள்ளும். சதுரத் தொட்டின்னா நடுச் சுவர் வயிறு தள்ளும், மூலை விரிசல் விடும். வட்டமா இருந்தா உள்ள வளையம் வளையமா இருக்கற கம்பி அதை இழுத்துப் பிடிச்சுக்கும். அழகுக்குன்னு அதுல ஒரு கோடு கூடப் போடல. தேவையில்லாதது எதுவும் இல்லாம இருக்கறதைத்தான் நவீனக் கட்டடக் கலைன்னு பெரிய பெரிய ஆளுக புஸ்தகம் எழுதினாங்க. எங்க ஊர் ஓவர்சியர் புஸ்தகம் எழுதல, கட்டிட்டுப் போயிட்டார்.

பக்கத்து டவுன்ல இருக்கறது இன்னும் பெரிசு. அடியில புனல் மாதிரி சரிஞ்சு வர்ற தொட்டி. அதுக்கு இன்ட்ஸே தொட்டின்னு பேர். இன்ட்ஸேங்கறது 19ஆம் நூற்றாண்டுல இருந்த ஜெர்மன் பொறியாளர் பேர், ஓட்டோ இன்ட்ஸே. வெளிப்பக்கம் சரிஞ்ச கூம்பு, தாங்கற வளையத்தை உள்ள நெருக்கும். அடியில இருக்கற குவிஞ்ச தட்டு, அதே வளையத்தை வெளிய தள்ளும். ரெண்டையும் சரியான அளவுல வெச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டு, வளையத்துக்குப் பாரம் மட்டும்தான் மிஞ்சும். சிவில் படிச்ச பசங்க யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைப் பரீட்சைக்குப் போட்டிருப்பாங்க. ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அதே தொட்டி நிக்கறப்ப ஒருத்தரும் நிமிந்து பார்க்கறதில்ல.

இந்தத் தொட்டியைக் கட்டினது யாரு? அப்ப எங்க பக்கம் மிக்சர் மெஷின் கிடையாது, கிரேன் கிடையாது. கீழ தகரத்துல ஜல்லி, மணல், சிமெண்டு கொட்டி மம்பட்டியில கலக்கினாங்க. சவுக்குச் சாரம் கட்டி, அதுல ஆளுக்கு ஆள் நின்னு சட்டி சட்டியா மேல கை மாத்தி விட்டாங்க. அந்த வரிசையில நின்ன சித்தாளுங்க முக்காவாசிப் பேரு காலனிப் பொம்பளைங்க. அதுல ஒரு அம்மா இன்னும் இருக்காங்க. எழுபது தாண்டிருச்சு. இடிக்கப் போற சேதி தெரிஞ்சதும் அவங்க வீட்டுக்குப் போனேன். எங்கப்பாவைச் 'சாமி'ன்னு கூப்பிட்டவங்க, என்னைத் 'தம்பி'ங்கறாங்க. அவ்வளவு தூரம் வந்திருக்கோம்.

"உங்க கெணத்த நாங்க தொடக் கூடாது. தொட்டிய நாங்கதான் தம்பி தூக்கி மேல வெச்சோம்"னாங்க. கோவமாச் சொல்லல. சும்மா நெல்லு வெல சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் அங்க உக்கார முடியல.

தொட்டியில வெள்ளை அடிச்சது உதிர்ந்து போன எடத்துல, கான்கிரீட் மேல பலகை அச்சு தெரியுது. மர ரேகை, பலகை சேர்ற எடத்துல ஒரு வரி, எல்லாம். இந்தப் பலகை அச்சை லே கார்பூசியேங்கற கட்டடக் கலைஞர் பூசி மறைக்காம அப்படியே விட்டார். சண்டிகர்ல அவர் கட்டின சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் அடங்கின வளாகத்தை 2016ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அங்க உலகமே போய்ப் பார்க்கற அதே பலகை அச்சு எங்க ஊர்த் தொட்டியிலயும் இருக்கு. அங்க வரைஞ்சவர் பேர் நிலைச்சிருச்சு. இங்க தூக்கினவங்க பேர் எந்தக் கல்லுலயும் இல்ல.

கான்கிரீட் தண்ணித் தொட்டியெல்லாம் பாரம்பரியமான்னு சிரிக்கறவங்களுக்காக வெளியூர்க் கதை ரெண்டு. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் குவைத்துல வேலை பார்க்கறான். அவன் வாட்சப்புல வெச்சிருக்கற படம் குவைத் டவர்ஸ். நீலப் பொட்டு வெச்ச உருண்டைங்களோட கடலோரத்துல நிக்குமே, அதுதான். அது பாதி தண்ணித் தொட்டி. 1979ல திறந்தாங்க. அதோட சேர்ந்த திட்டத்துல காளான் மாதிரி 31 தண்ணிக் கோபுரங்களும் அந்த ஊர்ல நிக்குது. 1980ல ஆகா கான் கட்டடக் கலை விருது குடுத்தப்ப, அந்தத் தண்ணிக் கோபுரங்களுக்கும் குடுத்தாங்க. அதுல பங்கெடுத்த சுனே லிண்ட்ஸ்ட்ரோம்ங்கற ஸ்வீடன் கட்டடக் கலைஞர், அதுக்கு முன்னாடியே 1958ல அவர் நாட்டுல ஓரேப்ரோங்கற ஊர்ல ஒரு காளான் தொட்டி கட்டியிருக்கார். ஊர்க்காரங்க அதுக்கு வெச்ச பேரே 'காளான்'தான். மேல ஏறி ஊரைப் பார்க்க ஜனம் வருது.

இன்னொண்ணு ஜெர்மனியில. பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர்னு ஒரு புருசன் பொண்டாட்டி. வாழ்நாள் முழுக்க தண்ணித் தொட்டி, சுரங்கக் கோபுரம், எரிவாயுத் தொட்டி, இதையே படம் எடுத்தாங்க. மேகமூட்டமான நாளாப் பார்த்து, நேருக்கு நேரா, ஒரே மாதிரி எடுத்து, வரிசையா அடுக்கி வெச்சாங்க. 1990ல வெனிஸ் கலை விழாவுல அவங்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைச்சது, சிற்பத்துக்காக. ஃபோட்டோவுக்குச் சிற்ப விருது! அவங்க எடுத்தது பெரும்பாலும் பேர் தெரியாத ஆளுக கட்டினது. இங்க நீங்க என்னைத் தள்ளி நிக்கச் சொன்னீங்க. அவங்களா இருந்தா தொட்டியை விட்டுட்டு என்னைத்தான் தள்ளி நிக்கச் சொல்லியிருப்பாங்க.

சரி, சட்டம் காப்பாத்துமான்னு பாருங்க. 1958ஆம் வருசத்துப் புராதனச் சின்னங்கள் சட்டப்படி ஒரு கட்டடம் குறைஞ்சது நூறு வருசம் நின்னிருக்கணும். தண்ணித் தொட்டிக்கு ஐம்பது வருசம் ஆயுசுன்னு வெச்சாலே பெரிசு. ஐம்பதுல இடிக்கறதை நூறுல எப்படிப் பாதுகாக்கறது? கான்கிரீட் எதுவுமே பாரம்பரியமா ஆக முடியாத மாதிரி கணக்கு போட்டு வெச்சிருக்கு. டில்லியில பிரகதி மைதானத்துல இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ், 1972ல ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து எழுப்பினது, நடுவுல ஒரு தூண் இல்லாத கான்கிரீட் கூண்டு. 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சாங்க. அறுபது வருசம் ஆகலை, அதனால பாரம்பரியக் கட்டடமா எடுத்துக்க முடியாதுன்னு காரணம் வேற. நாட்டுத் தலைநகர்ல, உலகமே பேசின கட்டடத்துக்கு அந்தக் கதி. எங்க ஊர் ஆறுகால் தொட்டிக்கு யார் வருவா?

இப்ப என்னை மறுத்துப் பேசறவங்க சொல்றதையும் நேர்மையாச் சொல்லணும்.

ஒண்ணு, ஆபத்து. இது உண்மை. கம்பி துருப்பிடிச்சாத் தடிக்கும், தடிச்சா மேல இருக்கற கான்கிரீட்டை உடைச்சுத் தள்ளும், உடைஞ்ச வழியா இன்னும் காத்தும் ஈரமும் போகும். எங்க தொட்டியில ரெண்டு கால்ல கம்பி வெளிய தெரியுது. கீழதான் பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. ஒரு பிள்ளை தலையில ஒரு சில்லு விழுந்தாலும், பாரம்பரியம்னு பேசின வாயாலேயே நான் செருப்படி வாங்கணும். நிக்கத் தகுதியில்லைன்னு தெரிஞ்சா இடிச்சுத்தான் ஆகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. நான் கேக்கறது, தகுதியில்லைன்னு யார் பார்த்துச் சொன்னாங்க? ஒருத்தரும் சுத்தியல் சோதனை பண்ணலை, கான்கிரீட்டைத் துளைச்சு மாதிரி எடுக்கலை. கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு "பழசாயிருச்சு"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. தண்ணி ஏத்தாம சும்மா நிக்க வெச்சா, 60 டன் பாரம் இன்னைக்கே இறங்கிருது. உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்ச்சு, துருப்பிடிக்காத பூச்சு அடிச்சு, காலைச் சுத்திப் புதுக் கான்கிரீட் உறை போடற வேலை இன்னைக்கு டவுன்ல சாதாரணமா நடக்குது. வீட்டுக் கிழவனுக்குக் காய்ச்சல்னா முதல்ல டாக்டர்கிட்டதானே காட்டுவோம்?

ரெண்டு, இது கொஞ்சம் வலிக்கற கேள்வி. "தொட்டி வந்ததால சாதி போயிருச்சா?"ன்னு எங்க ஊர்ப் படிச்ச பையன் ஒருத்தன் கேட்டான். காலனிப் பையன்தான். போகல. தொட்டி எல்லாருக்கும் ஒரே ஒசரத்துலதான் நின்னுச்சு. வால்வு அப்படி இல்ல. ஊருக்குள்ள முதல்ல திறப்பாங்க, காலனிக்குக் கடைசி. தொட்டி பாதி காலியான பின்னாடி அங்க நூல் மாதிரிதான் வரும். ரொம்ப வருசம் அப்படித்தான் நடந்துச்சு, நாங்க யாரும் கேக்கல. அதை விடக் கொடுமை, 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல பட்டியல் சாதி மக்கள் குடிக்கற மேல்நிலைத் தொட்டியில மனுச மலத்தைக் கலந்தாங்க. ஏணியில ஏறி, மூடியைத் திறந்து. எந்தக் கான்கிரீட்டும் அதைத் தடுக்கல.

அப்படின்னா இந்தத் தொட்டியை எதுக்குக் காப்பாத்தணும்? அதுக்காகத்தான். கெணத்துல சண்டை போடவே வழியில்ல. அது எங்க பட்டாவுல இருந்தது, ஊத்தினா உண்டு, இல்லைன்னா இல்ல. தொட்டி பொதுப் பணத்துல, பொது எடத்துல, எல்லாருக்கும்னு எழுதி வெச்சுக் கட்டினது. "எங்களுக்கு ஏன் கடைசியில?"ன்னு ஒரு மனுசி பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல காலிக் குடத்தோட வந்து நின்னு கேக்க முடிஞ்சது, தொட்டி வந்த பின்னாடிதான். கேட்டாங்க. இப்ப வால்வு முறை மாத்தி வருது. எங்க ஊர்ல கோயிலுக்கு உரிமைக்காரங்க உண்டு, குளத்துக்கு உண்டு, சாவடித் திண்ணைக்குக் கூட உண்டு. யாருக்கும் தனி உரிமை இல்லாம எழும்பின முதல் கட்டடம் இந்தத் தொட்டிதான். அது நின்னா அந்தக் கதையும் நிக்கும். கெணறு மட்டும் மிஞ்சினா, உங்க பேரப் பிள்ளைங்க ஊருன்னா அழகான கெணறுன்னு மட்டும்தான் நினைப்பாங்க. யார் தள்ளி நின்னாங்கன்னு சொல்ல ஒரு கல்லும் இருக்காது.

2019ல ஜல் ஜீவன் திட்டம் வந்த பின்னாடி வீட்டுக்கு வீடு குழாய், புதுத் தொட்டி எல்லாம் வருது. ரொம்ப நல்லது, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா புதுசு வர்ற ஊர்ல பழசு கேள்வியே இல்லாமப் போகுது. எழுபதுல, எண்பதுல கட்டின ஒரு தலைமுறைத் தொட்டிங்க மொத்தமா நம்ம கண்ணு முன்னாடி காணாமப் போயிட்டு இருக்கு.

நான் கேக்கறது பெரிசில்ல. ஒண்ணு, இடிக்கறதுக்கு முன்னாடி முறையாச் சோதனை பண்ணுங்க, இடிக்கற காசுல ஒரு பங்கு கூட ஆகாது. ரெண்டு, நிக்கும்னா சரி பண்ணி, கீழ வேலி போட்டு, ஒன்றியத்துக்கு ஒரு தொட்டியாவது நிக்க விடுங்க. மூணு, இடிச்சே ஆகணும்னா, அளந்து வரைஞ்சு, படம் எடுத்து, கட்டினவங்க பேரைக் கேட்டு எழுதி வெச்சுட்டு இடிங்க. அந்தப் பேரை ஒரு கல்லுல வெட்டிப் புதுத் தொட்டிக்கு அடியில நடுங்க. திறந்து வெச்சவர் பேரு ஏற்கனவே பளிங்குல இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே நட்டாப் போதும்.

மூணாவது வேலைக்கு நீங்க வேணும். கட்டடக் கலை படிக்கிற பிள்ளைங்க உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல இருப்பாங்க. பழைய பங்களாவை அளக்க எங்கெங்கயோ போறாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை டேப்போட எங்க ஊருக்கு அனுப்புங்க. சாப்பாடு எங்க வீட்டுல. கிராம சபை அக்டோபர் 2. அதுக்குள்ள வந்தா அந்த அம்மாகிட்ட உக்காந்து பேசலாம். யார் யார் சாரத்துல நின்னாங்கன்னு அவங்களுக்கு இன்னும் வரிசையா ஞாபகம் இருக்கு. பதினோரு பேர் சொன்னாங்க. அதுல ஏழு பேர் இப்ப இல்ல.

அந்தச் சென்னை நண்பருக்கும் இதை அனுப்பி வைக்கிறேன். அடுத்த தடவை வாங்க, மறுபடியும் படம் எடுப்போம். ஆனா நான் தள்ளி நிக்க மாட்டேன். தள்ளி நிக்கச் சொல்றதுக்கு அந்தக் கெணத்து மேடு சரியான எடம் இல்லைங்க.